பழைய மோட்டார் சங்கு: சுற்றுகிறது, ஆனால் சத்தம் ஏறவில்லை

சங்குப் பைத்தியம்:
வணக்கம். ஊர் ஊராகப் போய் நகராட்சிச் சங்கைப் பதிவு செய்வது என் பொழுதுபோக்கு. ஜனவரி 30, காந்தி நினைவு நாளில், 10.59க்கு ஒரு தடவை, இரண்டு நிமிட மௌனம் முடிந்து 11.02க்கு இன்னொரு தடவை ஊதுவார்கள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது காயலான் கடையில் ஒரு சைரனே கிடைத்துவிட்டது. சிங்கிள் ஃபேஸ், 1 எச்.பி., தகட்டில் 2800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). உள்ளே சுற்றும் சக்கரத்தில் பத்து வாய். சுவிட்சைப் போட்டால் கிளம்புகிறது, ஆனால் ஊளை பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஏறவில்லை. காயில் கட்டுபவர், "காயில் போச்சு, புதுசாத்தான் கட்டணும்" என்கிறார். அதற்கு முன் நானே எதைப் பார்க்கலாம்?

ரேடியோ மாமா:
தம்பி, முதலில் கணக்கு. ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை காற்றை வெட்டும், அதுதான் சுருதி. 2800ஐ 60ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால், முழு வேகத்தில் 467 ஹெர்ட்ஸ் வர வேண்டும். போனில் வீணைக்குச் சுருதி பார்க்கும் செயலி ஏதாவது இருக்கிறதா? அது என்ன காட்டுகிறது?

சங்குப் பைத்தியம்:
330 மாமா.

ரேடியோ மாமா:
அப்படியானால் வேகம் 1980தான். சக்கரத்தில் குறையில்லை, அதைச் சுற்றுகிற ஆளுக்குத்தான் பலமில்லை.

லேத் பட்டறை:
பேரிங்காகவும் இருக்கலாம். இந்தச் சைரன்கள் வருஷக்கணக்கில் மழையில் நின்றவை, கிரீஸ் கல்லாகியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இன்னொரு வழி. சைரன் நடுவில் காற்றை உறிஞ்சி ஓரத்தில் வீசுகிறது. மோட்டாருக்குப் பாரமே அந்தக் காற்றுதான். உறிஞ்சும் வாயைப் பலகையால் முழுக்க மூடி, பலகையை இறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டுங்கள் (கையால் பிடிக்கவே வேண்டாம்). சுருதி ஏறினால் பேரிங் நல்லது, மோட்டாருக்குத்தான் இழுவை போதவில்லை. ஏறாவிட்டால் எங்கோ உரசுகிறது. காற்று போகாததால் சத்தமும் அடங்கும், பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்தார்.

சங்குப் பைத்தியம்:
கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. வாயை மூடியதும் சுருதி 450க்கு ஏறிவிட்டது! ஓடும்போது மோட்டார் முனையில் 226 வோல்ட் இருக்கிறது, ஒயரிலும் குறையில்லை.

வைண்டர்:
காயில் போயிருந்தால் சூடாகிக் கருகல் வாசனை வரும், ஃபியூசும் போகும். நீங்கள் அதையெல்லாம் சொல்லவே இல்லையே. மோட்டாருக்கு இழுவை கொடுக்க உதவும் கண்டன்சரைப் (மின்தேக்கி) பாருங்கள் சார். சீலிங் ஃபேன் மந்தமானால் நாம் மாற்றுவது அதைத்தானே, இங்கேயும் அதே கதைதான். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு பல்பை வைத்து மின்சாரத்தை இறக்குங்கள்.

சங்குப் பைத்தியம்:
மேலே 25 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது, மீட்டரில் 11தான் வருகிறது. அதே அளவில் 440 வோல்ட் கண்டன்சர் புதிதாகப் போட்டேன். இப்போது வாய் திறந்தபடியே 465! கோடி நன்றி. நாளை மொட்டை மாடியில் ஒரு முழு ஊது ஊதிப் பார்க்கலாமா?

ரேடியோ மாமா:
வேண்டாம் தம்பி. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பே 55 டெசிபல், அது 2000ஆம் வருட விதி. அதைவிட முக்கியம், ஏறி இறங்கி இரண்டு நிமிடம் ஊதினால் விமானத் தாக்குதல் எச்சரிக்கை, ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது என்று பொருள். 2025 மே மாதம், டிவி நிகழ்ச்சிகளில்கூட அந்த ஒலியைப் போடாதீர்கள் என்று மத்திய அரசு கேட்டுக்கொண்டது. தெருவில் கேட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

லேத் பட்டறை:
பட்டறைக்குள் வாயை மூடியே ஓட்டுங்கள், காதுக்கு மஃப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஏற்ற இறக்கத்துக்காகச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்காதீர்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கரண்ட் பல மடங்கு இழுக்கும், இப்போது நன்றாக இருக்கும் காயில் அப்புறம் நிஜமாகவே போய்விடும்.