அம்மாவுக்கு அல்சைமர்ங்கிற மறதி நோய், எனக்கும் வருமோன்னு பயமா இருக்கு

வணக்கம், மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவ நான், வயசு 46. அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவங்க, எந்த நெரையில எத்தன மரம்னு கண்ண மூடிக்கிட்டே சொல்வாங்க, இப்ப என்னயப் பாத்து நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேக்குறாங்க. பாட்டிக்கும் இதே மாதிரிதான், அப்ப வயசாயிருச்சுன்னு விட்டுட்டோம்.

இப்ப சாவிய எங்கயாச்சும் வச்சு மறந்தாலே நெஞ்சு படபடங்குது, ராத்திரி அடுப்ப அணைச்சேனான்னு மூனு தடவ எந்திரிச்சுப் போறேன். ஏபிஓஇ 4ன்னு ஒரு ஜீன் இருக்காம், பெத்தவங்க ஒருத்தர்கிட்டருந்து வந்தா ஆபத்து ரெண்டு மூனு மடங்கு கூடுமாம், ஆனா அது இருந்தும் கடைசி வரைக்கும் வராதவங்க நெறைய பேரு, இல்லாமயே வந்தவங்களும் உண்டு. அப்ப டெஸ்ட் எடுத்து என்னத்த தெரிஞ்சுக்கப் போறேன்? லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையோட 2024 அறிக்கையில ரத்த அழுத்தம், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), காது கேக்காம போறதுன்னு 14 விஷயத்த சரியா பாத்துக்கிட்டா மறதி நோய்கள்ல 45% வரைக்கும் தடுக்கலாம் இல்ல தள்ளிப்போடலாம்னு போட்டிருக்கு, அதப் படிச்சதுலருந்து தெனமும் காலைல நடக்குறேன், கொஞ்சம் தெம்பா இருக்கு.

வீட்ல இப்படி அம்மா அப்பாவ வச்சுப் பாக்குறவங்க யாராச்சும் டெஸ்ட் எடுத்தீங்களா? எடுத்தப்புறம் பயம் கொறஞ்சுதா கூடுச்சா? மகளுக்கு 19 வயசு, அவகிட்ட இதச் சொல்லலாமா? தயவுசெஞ்சு சொல்லுங்க.