கொசுமெல் சாண்டா ரோசா சுவர்: புது டைவர்களை அங்கே கூட்டிப் போகலாமா?

கடலோடி_ஹூஸ்டன்

மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்குக் கடலுக்கடியில் டைவ் செய்யப் போகிற நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். சாண்டா ரோசா சுவருக்கு, ஓபன் வாட்டர் என்கிற ஆரம்ப நிலை டைவிங் சான்றிதழைக் கையில் வாங்கி ஈரம்கூடக் காயாத ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகில் இருந்து குதித்து இறங்கினால் சுமார் 15 மீட்டரில் பவள மேடு வரும். அதன் விளிம்பைத் தாண்டினால் நேர்க்குத்தாக இறங்கும் சுவர். அடி கண்ணுக்குத் தெரியாது, கரு நீலம் மட்டும்தான். சுவரெல்லாம் பீப்பாய் அளவுக் கடற்பஞ்சுகள், தட்டுத் தட்டாக விரிந்த பவளங்கள், நடுநடுவே நுழைந்து வெளியே வரக்கூடிய குகை வழிகள். நீரோட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டே போகும், படகு மேலே பின்தொடரும்.

ஓபன் வாட்டர் படித்தவருக்குப் பரிந்துரைக்கப்படும் ஆழம் 18 மீட்டர். சுவரின் தலையே 15-ல் இருக்கிறது. மிதவைக் கட்டுப்பாடு, அதாவது ஏறாமல் இறங்காமல் ஒரே ஆழத்தில் நிற்பது, இன்னும் கைக்கு வராத ஒருவருக்கு மிஞ்சுவது 3 மீட்டர்தான். சாதாரண இடத்தில் கொஞ்சம் அதிகமாக இறங்கினால் மணல் தரை தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க எதுவும் இல்லை.

போன முறை என் கண் முன்னால் நடந்தது இது. எங்கள் குழுவில் வந்த புதியவர் ஓட்டத்தில் நிற்க முடியாமல் ஒரு பெரிய பீப்பாய்க் கடற்பஞ்சின் வாயைப் பிடித்தார். உள்ளங்கை அகலத்துக்கு விளிம்பு பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, பிறகு விட்டுவிட்டார். துண்டு சுழன்று சுழன்று நீலத்துக்குள் போனது. வழிகாட்டி 10 மீட்டர் முன்னால் இருந்தார், திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த இனத்தில் பெரியவை நூற்றாண்டுகள் வாழ்பவை. 1000 வருடம் தாண்டியவையும் உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழும் 25 டைவ் பதிவும் இல்லாதவர்களைச் சுவருக்கு அழைத்துப் போகக் கூடாது என்று விதி வர வேண்டும்.

மீனாட்சி_டைவ்

அண்ணா, அந்தக் கடற்பஞ்சு உடைந்தது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் உங்கள் விதி தவறான ஆளைப் பிடிக்கிறது.

நான் ஓபன் வாட்டர் முடித்த அடுத்த மாதமே சாண்டா ரோசா போனேன். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடிக்கவே தேவையில்லை, தண்ணீர் நம்மைக் கொண்டுபோகிறது. மூச்சு வாங்குவது குறைவு, காற்று நிறைய மிஞ்சுகிறது. எங்கள் வழிகாட்டி 4 பேரை மட்டும் கூட்டிப் போனார். சுவரின் விளிம்பை ஒட்டி 17 மீட்டரிலேயே முழு டைவையும் முடித்தோம். கீழே இறங்கியே ஆக வேண்டும் என்று சுவர் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

அப்புறம் பெரிய விஷயத்துக்கு வருவோம். கொசுமெல் பவளத்தை யார் கொன்றார்கள்? 2018 கடைசியில் அங்கே வந்து சேர்ந்த திசு உதிர் நோய். 2014-ல் மயாமி அருகே முதலில் கண்ட அதே நோய். அதற்கு முன்னால் 2005-ல் வில்மா புயல் அடித்துப் போட்டது. 2023-ல் கரீபியன் முழுக்கக் கடல் சூடாகிப் பவளங்கள் நிறமிழந்து வெளிறின. இத்தனைக்கும் நடுவில், பல மாதம் காசு சேர்த்து ஆசையாக வருகிற புது டைவரை வாசலிலேயே நிறுத்துவது என்ன நியாயம்? உலகத்திலேயே உல்லாசக் கப்பல்கள் அதிகம் வந்து நிற்கிற துறைகளில் கொசுமெலும் ஒன்று. நான்காவதாக ஒரு கப்பல் துறை கட்டக் கூடாது என்று தீவுவாசிகளே வழக்கு, போராட்டம் என்று அலைந்தார்கள். அதை விட்டுவிட்டு நாம் 25 டைவ் கணக்கு பேசிக்கொண்டிருக்கிறோம்.

பவளம்22

கடல் உயிரியல் படிக்கிறேன், அதனால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மீனாட்சி அக்கா சொன்ன நோய் உண்மையிலேயே பயங்கரமானது. 20-க்கும் மேற்பட்ட கல் பவள இனங்களைத் தாக்குகிறது. மூளைப் பவளத்தில் வந்தால் முதலில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். உயிருள்ள தோல் உரிந்து எலும்புக்கூடு வெளியே தெரிவதுதான் அந்த வெள்ளை. சில வாரங்கள், சில மாதங்களில் முழுப் பவளமும் போய்விடும், அதன் மேல் பாசி படரும். தூண் பவளம் இதனாலேயே அழியும் விளிம்புக்கு வந்துவிட்டது. டைவர் கை பட்டதால் வந்த நோய் இல்லை அது. இதில் அக்கா பக்கம்தான் நான்.

ஆனால் "டைவரால் ஒன்றும் ஆகாது" என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. செயின்ட் லூசியா தீவில் 353 டைவர்களைத் தண்ணீருக்குள் பின்தொடர்ந்து கவனித்து 2004-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது பவளத்தைத் தொட்டார்கள், பெரும்பாலும் ஃபின் நுனியால். படகில் கொடுக்கும் சுருக்கமான அறிவுரை எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. கேமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு தொட்டார்கள். எது வேலை செய்தது தெரியுமா? தொடுகிறவரை வழிகாட்டி தண்ணீருக்குள்ளேயே தடுத்துச் சரிசெய்தது. அது நடந்த இடத்தில் தொடுதல் பெரிய அளவில் குறைந்தது.

எனவே கடலோடி அண்ணா சொன்ன சம்பவத்தில் எனக்கு உறுத்துவது அந்தப் புதியவர் இல்லை. 10 மீட்டர் முன்னால் போய்த் திரும்பிப் பார்க்காத வழிகாட்டிதான்.

இன்னொன்று. இந்த நோய் வருவதற்கு முன்பே, கரீபியனில் உள்ள பொனேர் தீவில் செய்த கணக்கில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 4000 முதல் 6000 டைவ் தாண்டினால் சேதம் தெரிய ஆரம்பிக்கும் என்றார்கள் (1993). நோயால் ஏற்கெனவே பலவீனமான பவளத்துக்கு அந்த எல்லை அதே இடத்தில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

கடலோடி_ஹூஸ்டன்

பவளம் தம்பி, அந்த ஆய்வு எனக்குப் புதிது, நன்றி. வழிகாட்டி விஷயத்தில் மறுப்பு இல்லை. ஆனால் நீங்கள் இருவரும் பவளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். உயிரைப் பற்றி நான் பேசியாக வேண்டும்.

சாண்டா ரோசாவில் சில நாள்களில் கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம் வரும். சுவரில் மோதுகிற தண்ணீர் அதன் வழியே கீழே வழிகிறது. நம் குமிழிகள் மேலே போகாமல் நம்மைச் சுற்றியே சுழலும், சில சமயம் கீழே இறங்கும். காது அழுத்தும். ஆழமானியைப் பார்த்தால் 20, 24, 28 என்று ஓடிக்கொண்டிருக்கும். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் 4 மடங்கு, அதனால் காற்றும் 4 மடங்கு வேகமாகத் தீரும். பயத்தில் மூச்சு வாங்கினால் அதற்கும் மேல். அங்கே நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்துகொள்ளும், புத்தி மந்தமாகும்.

அப்போது செய்ய வேண்டியது சுவரை விட்டு விலகி நீலத்துக்குள் குறுக்காக நீந்துவது, பிசிடி-யில் (காற்று ஏற்றி மிதவையைக் கூட்டும் மேலங்கி) காற்று ஏற்றுவது, இழுப்பு விட்டதும் மறக்காமல் அந்தக் காற்றை வெளியேற்றுவது. மறந்தால் பலூன் போல மேலே போய்விடுவோம், அது இன்னும் ஆபத்து. இதெல்லாம் தெரிந்தவனுக்கே கை நடுங்கும். 4 டைவ் முடித்தவர் என்ன செய்வார்? கைக்கு எட்டிய முதல் பவளத்தைக் கட்டிப்பிடிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, உயிர் முக்கியம். கொசுமெல் கடல் பூங்காவில் கையுறைக்குத் தடை. பிடிக்கத் தோன்றக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. சரி, எதையும் பிடிக்காமல் சமாளிக்கத் தெரியாதவரை அந்த இடத்துக்கு ஏன் அனுப்புகிறோம்?

அலைக்காரன்

நான் இந்தத் தீவுக்கு வெகு காலமாகப் போய்வருகிறவன், வயதிலும் உங்களைவிட மூத்தவன். கடலோடி தம்பி, கீழிழுப்பு பற்றி நீ எழுதியது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆனால் அது தினமும் வருவதில்லை. வந்தால் நல்ல படகோட்டிக்குத் தண்ணீரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இடத்தை மாற்றிவிடுவார். காலையில் தண்ணீரைப் பார்த்து எங்கே இறக்குவது என்று முடிவு செய்கிற அந்த மனிதரை நம்பித்தான் கொசுமெல் டைவிங்கே நடக்கிறது. எந்தச் சான்றிதழும் அவருக்கு ஈடாகாது.

2019 அக்டோபரில் கொசுமெலின் பலாங்கார், கொலம்பியா, எல் சியேலோ ஆகிய பவள இடங்களை அரசு மூடியது நினைவிருக்கிறதா? நோயால் துவண்டுபோன பவளத்துக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். காரணம் சரிதான். ஆனால் எத்தனை குடும்பங்களுக்கு அடுப்பு எரிவது அந்தப் படகுகளால்! மூடாத இடங்களுக்குத்தான் அந்தப் படகுகள் எல்லாம் போயாக வேண்டும். ஒரு பாறைக்கு ஓய்வு கொடுத்து இன்னொரு பாறையின் தலையில் பாரத்தை ஏற்றுவதில் என்ன லாபம்? பிறகு கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். உன் 25 டைவ் விதியும் அதையேதான் செய்யும். புதியவர்கள் எல்லோரும் ஆழம் குறைந்த பாறைகளில் போய்க் குவிவார்கள். அங்கே தரை பக்கத்தில் இருக்கிறது, முட்டியும் ஃபினும் பவளத்தில் படுவது அங்கேதான் அதிகம்.

கேமரா பற்றித் தம்பி சொன்னதை நான் வழிமொழிகிறேன். நூற்றுக்கணக்கில் டைவ் முடித்த ஆட்கள், ஒரு கடற்குதிரைக்காகப் பவளத்தின் மேல் முழங்கையை ஊன்றிப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த விதி?

மீனாட்சி_டைவ்

அதுதான் நானும் கேட்பது. 25 டைவை ஒரு குளத்திலோ கல்குவாரியிலோ முடித்துவிட்டு வரலாம். நீரோட்டம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. புத்தகத்தில் எண் இருக்கும், உடம்பில் பழக்கம் இருக்காது. விதி வேண்டுமென்றால், ஒரு வழிகாட்டிக்கு 4 பேர் என்று வரட்டும். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் மிதவையைச் சோதித்த பிறகே சுவர் என்று வரட்டும். பொனேரில் யாராக இருந்தாலும் முதலில் ஒரு அறிமுக டைவ் செய்தாக வேண்டும், பழைய ஆளும் தப்ப முடியாது. அது போதும்.

கடலோடி_ஹூஸ்டன்

சோதனை டைவ் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. 4 பேர் கணக்கும் சரி. ஆனால் அதைக் காசு குறைத்துப் போட்டி போடும் படகுகள் தாமாகச் செய்யும் என்று நான் நம்பவில்லை. 4 பேரோடு போனால் கட்டணம் ஏறும், பக்கத்துப் படகு 8 பேரோடு போகும். அலைக்காரன் ஐயா, நீங்கள் சொல்கிற நல்ல படகோட்டி இருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் முறை வருகிறவருக்கு அவரை அடையாளம் தெரியாதே. எழுதப்பட்ட எண் இருந்தால்தான் படகில் ஏறும்போது "இல்லை" என்று சொல்ல முடியும். அதனால் என் 25-ஐ நான் விடவில்லை.

புதுமீன்_டொரன்டோ

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான்தான் நீங்கள் பேசுகிற ஆள். ஓபன் வாட்டர் முடித்துவிட்டேன், டிசம்பரில் கொசுமெலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பவளம்22

முதல் நாள் பாரடைஸ் பாறை மாதிரி ஆழம் குறைந்த இடம் கேளுங்கள். பெரும்பாலும் கொசுமெல் பக்கமே காணப்படுகிற, மஞ்சள் விளிம்புத் துடுப்பு கொண்ட தேரை மீனை அங்கே பார்க்கலாம். டார்ச் அடித்துப் பொந்துக்குள் பாருங்கள், தாடி வைத்த தட்டை முகம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே தரையைத் தொடாமல் ஒரே இடத்தில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சுவருக்குத் தயார். கேமரா இந்த முறை வேண்டாம். வேறு எங்காவது பவளக் கடலில் பயன்படுத்திய கருவி என்றால் நோய் பரவாதபடி கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள்.

அலைக்காரன்

கடைசி டைவ் முடிந்து 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, டிக்கெட் நேரத்தைப் பார்த்துக்கொள் மகனே.

கடலோடி_ஹூஸ்டன்

சுவருக்குப் போவதாக இருந்தால் காற்று ஊதி மேலே அனுப்பி நம் இடத்தைக் காட்டுகிற ஒரு மிதவைக் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் குழுவைப் பிரிந்தால் மேலே ஏறும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும்போதே அதை மேலே விட்டால் படகுக்குத் தெரியும். அதை விடுகிற பயிற்சியை இங்கேயே நீச்சல் குளத்தில் செய்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் இந்த டிசம்பர் பலாங்கார் தோட்டம் பக்கம் போதும், சுவர் அடுத்த வருடம்.

மீனாட்சி_டைவ்

அடுத்த வருடம் அந்தச் சுவரில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும் அண்ணா? நல்ல வழிகாட்டி கிடைத்தால் இந்த முறையே போகட்டும்.

புதுமீன்_டொரன்டோ

பதிவு செய்த கடைக்கு இன்று இரவே எழுதுகிறேன். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முதல் நாள் எங்கே இறக்குவீர்கள், நீரோட்டம் சரியில்லை என்றால் இடத்தை மாற்றுவது யார் முடிவு என்று மூன்றையும் கேட்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.