பழைய லேப்டாப்பை எண்ணெயில் போட்டு மூடிவிடலாமா?

தூக்கம்கெட்டவன்:
கீல் உடைந்து, திரையும் போன பழைய லேப்டாப் ஒன்றை ஃபைல் சர்வராக ஓட்டுகிறேன். வேலையில் குறையே இல்லை, ஃபேன்தான் உயிரை வாங்குகிறது. பகலில் காதில் விழாத அந்தக் கீச்சொலி, ராத்திரி ஒரு மணிக்கு பேக்கப் ஓடும்போது வண்டு மாதிரி குடைகிறது. அலமாரிக்கும் என் தலையணைக்கும் நாலடிகூட இல்லை. போர்டை மின்சாரம் கடத்தாத மினரல் ஆயில் ஐந்து லிட்டரில் இறக்கி, அலுமினியப் பெட்டியில் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் சத்தமே இருக்காதல்லவா? மொத்தம் 25 வாட்தான் இழுக்கிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பிசுக்குக்கை:
நான் செய்தேன். இரண்டு வருஷம் ஓடியது.

முதல் நாள் ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தது. ஐந்து லிட்டர் எண்ணெய் ஒரு டிகிரி ஏறவே 25 வாட்டுக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும், அதனால் ஆரம்பத்தில் எல்லாம் ஜில்லென்றுதான் தெரியும். சாயங்காலம் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் சூட்டை விழுங்கிவிடாது, சுமந்துபோய்ப் பெட்டிச் சுவரில் இறக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து காற்றுதான் கொண்டுபோக வேண்டும். என் பெட்டி 36 செ.மீ. நீளம், 26 அகலம், 8 உயரம். அறையைவிட 12 டிகிரி கூடுதலில் நின்றது. அதைத் துணிகளுக்கு நடுவே செருகினால் கதை வேறு.

விளிம்புவரை ஊற்றி சீல் வைக்காதீர்கள். 30 டிகிரி சூடேறினால் ஐந்து லிட்டர் எண்ணெய் நூறு மில்லி அளவுக்கு விரியும், மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மேலே காற்றுக்கு இடம் விட்டு, ஒரு சின்ன மூச்சுத்துளையும் வையுங்கள்.

என்னை அழவைத்தது கேபிள். ஒரு நாள் ரூட்டருக்கு அடியில் வட்டமாகப் பிசுபிசுப்பு. பூனையின் வேலை என்று நினைத்தேன். விளக்குத் திரியில் ஏறுவதுபோல, நெட்வொர்க் கேபிளின் உறைக்குள்ளேயே எண்ணெய் ஊர்ந்து மறுமுனைக்குப் போயிருக்கிறது! எந்த வயரும் எண்ணெயிலிருந்து நேராக வெளியே வரக்கூடாது. எண்ணெய் மட்டத்துக்கு மேலே பெட்டிச் சுவரில் ஒரு சாக்கெட் பொருத்தி, உள்ளே தனித் துண்டு, வெளியே தனித் துண்டாக விடுங்கள். உள்ளே இருக்கும் பிவிசி வயர் நாளாக ஆகக் குச்சிபோல விறைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய_சில்லு:
பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் அதன் மூச்சுத்துளை வழியாக எண்ணெய் உள்ளே போய்விடும், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். சமையல் எண்ணெய் ஊற்றலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், சிக்கு வாடையோடு கெட்டியாகிவிடும்.

1985-இல் வந்த கிரே-2 சூப்பர்கம்ப்யூட்டரே ஃப்ளூரினெர்ட் திரவத்தில் மூழ்கித்தான் ஓடியது. அதைப் பார்த்து நாமும் அந்த வகைத் திரவம் தேட வேண்டாம். அதைத் தயாரித்த 3எம் நிறுவனமே, 2025 முடிவுக்குள் ஃப்ளூரினெர்ட் உள்ளிட்ட பிஃபாஸ் (எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்கள்) ரசாயனங்களின் தயாரிப்பை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

அப்புறம் ஒரு சந்தேகம். பேக்கப்பைப் பகல் ஒரு மணிக்கு மாற்றினால் என்ன?

தூக்கம்கெட்டவன்:
பகலில் அந்த சர்வரில் இருக்கும் ஃபைல்களில்தான் வேலை செய்கிறேன் ஐயா! பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) பிராசஸரின் வேகத்தைக் கூட்டும் டர்போவை அணைத்துப் பார்த்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. எண்ணெய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஒத்திகைக்காக ஃபேனைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால், ‘ஃபேன் எரர்’ என்று வெளியே மாட்டிய மானிட்டரில் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இதற்கு என்ன வழி?

பிசுக்குக்கை:
ஃபேனைத் திரும்ப மாட்டுங்கள். இறகுகளை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கும் குமிழை விட்டுவிடுங்கள். எண்ணெய்க்குள் அது சத்தமில்லாமல் சுற்றும், பயாஸும் ஃபேன் ஓடுகிறது என்று நம்பிவிடும். வெட்டிய துணுக்கு எதுவும் போர்டில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பழைய துணி நாலைந்து பக்கத்திலேயே இருக்கட்டும்.