அடிங்க்ரா அச்சு உருளைக்கிழங்கில் தெளிவாக விழ என்ன செய்யலாம்?

கேள்வி: 5 வயதுப் பிள்ளைகளுக்கு கானா நாட்டு அடிங்க்ரா அச்சுக்கலையை (பொருள் கொண்ட குறிகளைத் துணியில் பதிக்கும் கலை) உருளைக்கிழங்கில் சொல்லித்தரணும். உருவம் கலங்கி, வண்ணம் வழியுது. எங்கே தப்பு?

பதில் 1: கிழங்கின் ஈரம்தான் காரணம். வெட்டிய பக்கத்தைத் துணியில் கவிழ்த்து 10 நிமிடம் வையுங்க. உருவத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் ஆழம் செதுக்கணும். கத்தி வேலை பெரியவங்களுக்கு. தண்ணீர் கலக்காத போஸ்டர் கலரை ஸ்பாஞ்சில் தடவி, அதில் அச்சை ஒற்றி எடுங்க. தூரிகையால் பூசினா பள்ளத்தில் தேங்கி, காகிதத்தில் வழியும்.

பதில் 2: அடிங்க்ரா குறிகளில் ஒன்றான சங்கோஃபா பறவையில் தொடங்குங்க. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். 'திரும்பிப் போய் எடுத்துக்கொள்' என்று பொருள். இதைச் சொல்லாம அச்சு குத்தினா வெறும் அலங்காரம்தான். கானாவின் அசாந்தி மக்கள் சுரைக்குடுக்கை ஓட்டில் அச்சைச் செதுக்கி, மரப்பட்டைச் சாயம் தொட்டுத் துணியில் பதிப்பாங்க.

பதில் 3: ஒரு வகுப்புக்கு ஒரே குறி போதும்.