கலைச்சொல்: மூடிய சப்வூஃபருக்குத் "தள்ளளவு" சரியா?

கிருஷ்ணகிரியிலிருந்து

வணக்கம். நான் எழுதும் சப்வூஃபர் (அடிக்குரல் ஸ்பீக்கர்) கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. ஸ்பீக்கர் கூம்பின் பரப்பை அதன் ஒருபக்க வீச்சால், அதாவது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் அது போகும் தூரத்தால், பெருக்கினால் வருகிற அளவு. தரவுத்தாளில் "விடி" (Vd) என்று இருக்கும். 12 அங்குல ஸ்பீக்கரின் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ. வீச்சு 10 மி.மீ. என்றால் 500 கன செ.மீ., அதாவது அரை லிட்டர். மூடிய பெட்டியில் அடிக்குரல் எவ்வளவு உரக்க வரும் என்பதற்கு உச்சவரம்பு இதுதான், பெட்டிமேல் ஒட்டியிருக்கும் வாட் அல்ல. திறந்த வெளியில் தரையில் வைத்தால், 1 மீட்டர் தூரத்தில் இந்த அரை லிட்டர் 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 94 டெசிபல் தரும். 40 ஹெர்ட்ஸில் 106. ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்குப், போனால் அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும்.

"பெயர்ச்சிக் கனஅளவு" என்று எழுதினேன். பெட்டியின் கனஅளவோடு குழம்புகிறது.

தருமபுரியிலிருந்து

பெயர்ச்சி வேண்டாம் ஐயா, படிப்பவர் சனியையும் குருவையும் தேடுவார். "தள்ளளவு" போதும். வினைத்தொகை, தள்ளிய, தள்ளும் இரண்டும் அடங்கும். பெட்டி கட்டுபவர் வாயிலும் நுழையும்.

ஓசூரிலிருந்து

சொல் நன்று, வரையறை போதாது. பைக் எஞ்சினின் சிசி-யும் இதே கணக்குதான், ஆனால் அங்கே பிஸ்டனின் முழு ஓட்டம். ஸ்பீக்கரில் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் மட்டும். சில தரவுத்தாள்கள் முன்னும் பின்னும் சேர்த்து 20 மி.மீ. என்று போடும், அதை அப்படியே பெருக்கினால் கணக்கில் 6 டெசிபல் சும்மா ஏறிவிடும். "ஒருபக்க வீச்சு" என்பது வரையறைக்குள் வந்தே தீரவேண்டும்.

தருமபுரியிலிருந்து

ஏற்கிறேன். பெட்டியின் பங்கையும் குறிப்பில் சேருங்கள், இல்லாவிட்டால் "சின்னப் பெட்டி என்றால் பேஸ் வராது" என்ற பேச்சு ஓயாது. ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு 25 ஹெர்ட்ஸ், விஏஎஸ் (Vas, கூம்பின் தாங்கிக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கனஅளவு) 90 லிட்டர் என்று கொள்வோம். 45 லிட்டர் பெட்டியில் ஒத்ததிர்வு 43-க்கு ஏறும், 30 லிட்டரில் 50-க்கு. அதற்கு வெகு கீழே, 30 லிட்டரில் அதே வீச்சை எடுக்க மின்னழுத்தம் 4/3 மடங்கு வேண்டும். 100 வாட் போன இடத்தில் 178 வாட். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளும் தாங்கினால் தள்ளளவு மாறாது, உச்சவரம்பும் மாறாது. சின்னப் பெட்டிக்கு விலை வாட்டில்தான்.

இன்னொன்று, கசிவு. டெர்மினல் ஓரத்தில் சிறு இடுக்கு இருந்தாலும் கூம்பு அசையும், காற்று அங்கே சீறும், அடிக்குரல் மெலியும். கூம்பை இரு கையாலும் சமமாக உள்ளே அழுத்தி, சில நொடி பிடித்திருந்து, கையை எடுங்கள். மெதுவாகத் திரும்பினால் பெட்டி இறுக்கம், சட்டென்று துள்ளினால் எங்கோ ஓட்டை. ஸ்பீக்கர் விளிம்புக்கு ஃபோம் டேப், மூலைகளுக்கு உள்ளிருந்து பசை.

கிருஷ்ணகிரியிலிருந்து

தள்ளளவு: கூம்பின் பரப்பு × ஒருபக்க வீச்செல்லை, அலகு கன செ.மீ. இப்படியே ஏற்றுகிறேன். வெறும் "வீச்சு" பாடநூலில் அந்தந்த நேரத்து அலைக்கும் வருவதால் "எல்லை" சேர்த்தேன். ஓசூர் நண்பருக்கு மறுப்பிருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.