பேரிங் பொருத்த எந்தச் சுத்தியல்? பால்பீன் ஒன்று மட்டும் போதுமா?

பீன்யா பயிலுநர்

வணக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு, பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்கூடத்தின் பராமரிப்புப் பிரிவில் நான்கு மாதங்களாகப் பயிற்சி பெற்று வருகிறேன். சென்ற வாரம் ஒரு மோட்டார் ஷாஃப்ட்டில் 6205 (அளவைக் குறிக்கும் எண்) பேரிங்கை ஏற்றும்போது, கையிலிருந்த 800 கிராம் பால்பீன் சுத்தியலால் (ஒரு முனை தட்டை, மறுமுனை உருண்டை) வெளிவளையத்தைச் சுற்றிலும் தட்டி உள்ளே இறக்கினேன். மூன்றாம் நாளே கரகரவென்று ஓசை வரத் தொடங்கிவிட்டது. மேற்பார்வையாளர் "தவறான சுத்தியல்" என்று மட்டும் சொன்னார். மில்லிங் இயந்திரத்தின் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஜாப்பை, அதாவது வேலைப்பொருளை, பிடிக்கும்போதும் எனக்கு இதே குழப்பம்தான். எவ்வளவு தட்டினாலும் அடியில் ஜாப்பைத் தாங்கும் பேரலல் கட்டைகள் அதனோடு ஒட்டி அமராமல் ஆடுகின்றன. எந்த வேலைக்கு எந்தச் சுத்தியலை எடுப்பது என்பதை முடிவு செய்ய ஏதேனும் முறை உண்டா?

டூல்ரூம் ஃபிட்டர்

தம்பி, கையை ஓங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அடிபடும் பொருளின் வடிவம் மாற வேண்டுமா, அல்லது வடிவம் மாறாமல் இடம் மட்டும் நகர வேண்டுமா?

வடிவம் மாற வேண்டுமென்றால் கடினப்படுத்திய எஃகுச் சுத்தியல். பால்பீனின் உருண்டை முனை உலோகத்தை எல்லாப் பக்கமும் பரப்புவதால் ரிவெட் தலையை விரிக்க உதவுகிறது. கிராஸ்பீனின் விளிம்பு கைப்பிடிக்குக் குறுக்காகவும், ஸ்ட்ரெயிட்பீனின் விளிம்பு கைப்பிடியின் போக்கிலும் இருக்கும். உலோகம் அந்த விளிம்புக்குச் செங்குத்தான திசையில் நீளும். இதைப் பாடநூல் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம். ஒரு ஈயத் துண்டின் மேல் இரண்டையும் அடித்துப் பாருங்கள், உடனே விளங்கிவிடும். உளிக்கும், பஞ்சுக்கும் (punch, உலோகத்தில் புள்ளி குத்தும் கருவி) தட்டையான முகம். சம்மட்டி கொல்லுப் பட்டறைக்கும் கனரக வேலைக்கும் உரியது.

இடம் மட்டும் நகர வேண்டுமென்றால், சுத்தியல் பொருளைவிட மென்மையாக இருக்க வேண்டும். ஈயம், செம்பு, நைலான், ரப்பர், தகட்டு வேலைக்கு மரக் கொட்டாப்புளி என இதில் வகைகள் பல. வைஸை இறுக்கும்போது நகரும் தாடை சற்று மேலெழும்பி ஜாப்பையும் தூக்கிவிடுகிறது. அதனால் இறுக்கிய பிறகே தட்ட வேண்டும். எஃகுச் சுத்தியல் துள்ளி எழுவதால் ஜாப்பும் சேர்ந்து எழும்பும். டெட் புளோ சுத்தியலின் தலைக்குள் நிரப்பிய எஃகுக் குண்டுகள் நொடியின் சிறு பகுதி தாமதித்து வந்து மோதி அந்தத் துள்ளலை அடக்கிவிடுவதால், நான் வைஸ் வேலைக்கு வேறெதையும் எடுப்பதில்லை. பேரிங்குக்குப் பித்தளைச் சுத்தியலைப் பயன்படுத்துங்கள்.

பராமரிப்புப் பொறியாளர், மின்மோட்டார் பிரிவு

மேலே சொன்னவற்றில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. பித்தளைச் சிம்பு உதிர்ந்து பேரிங்குக்குள் விழுந்தால் அதுவே குண்டுகள் உருளும் ஓட்டப்பாதையைக் கெடுத்துவிடும்.

தம்பியின் பேரிங் கெட்டதற்குச் சுத்தியலின் வகையைவிட அடி விழுந்த இடமே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ஷாஃப்ட்டில் இறுக்கமாக அமர்வது உள்வளையம். வெளிவளையத்தில் தட்டினால் அந்த விசை முழுவதும் குண்டுகளின் வழியாகவே உள்வளையத்துக்குச் செல்கிறது. ஒவ்வொரு குண்டும் ஓட்டப்பாதையில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பள்ளத்தைப் பதிக்கிறது. பிறகு குண்டுகள் அந்தப் பள்ளங்களில் விழுந்து எழும் ஓசையைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

6205-இன் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். ஆகவே 26 உள்விட்டமும் 32 வெளிவிட்டமும் கொண்ட ஒரு மென்எஃகுக் குழாயை லேத்தில் கடைந்து, முனையைச் சதுரமாக முகப்பிட்டு, உள்வளையத்தின் மேல் மட்டும் வைத்து அதன் மறுமுனையில் தட்டுங்கள். அப்போது உங்கள் பால்பீனே போதும். இன்டக்ஷன் ஹீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: திறந்த பேரிங்கை 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் தட்டாமலே ஏறிவிடும், சீல் வைத்த பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம்.

டூல்ரூம் ஃபிட்டர்

சிம்பு பற்றிச் சொன்னது சரி, ஐயா. என் வரியைத் திருத்திக்கொள்கிறேன்.

தம்பி, எடையையும் கவனியுங்கள். மார்க்கிங் வேலையில் பஞ்சு அடிக்க 250 கிராம் சுத்தியலே ஏற்றது. 800 கிராமைக் கொண்டு அடித்தால் புள்ளி ஆழமாகிக் கோடு கெடும். எடை இரட்டித்தால் அடியின் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். ஒரு சுத்தியலின் முகத்தை இன்னொன்றின் முகத்தில் ஒருபோதும் அடிக்காதீர்கள். இரண்டும் கடினப்படுத்தியவை என்பதால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

பீன்யா பயிலுநர்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. நாளை லேத்தில் அந்தக் குழாயைக் கடைகிறேன். இங்குள்ள எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளில் ஒரு டெட் புளோவும் 250 கிராம் பால்பீனும் வாங்க எண்ணியுள்ளேன். என் பழைய சுத்தியலின் தலை லேசாக ஆடுகிறது. கைப்பிடியின் முனையில் அடித்திருக்கும் ஆப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

டூல்ரூம் ஃபிட்டர்

கைப்பிடியில் விரிசல் இல்லையென்றால் போதும். கைப்பிடி நுழையும் கண்துளை நடுவில் குறுகி இரு முனையிலும் அகன்றிருக்கும். ஆப்பு, கைப்பிடியின் மரத்தை அந்த அகலம் நிறைய விரித்தால்தான் தலை கழன்று பறக்காது. விரிசல் இருந்தால் கைப்பிடியையே மாற்றுங்கள். அதுவரை அந்தச் சுத்தியலை யாரும் எடுக்காதபடி தனியே வைத்துவிடுங்கள்.