சிலிண்டர் மேல் பனி படிகிறது, தீ தணிகிறது: உள்ளே கேஸ் இருக்கிறதே, ஏன்?

கேள்வி:
சின்ன அளவில் சமையல் ஆர்டர் எடுக்கிறேன். 19 கிலோ சிலிண்டர், ஒரு பெரிய பர்னர். விடியற்காலையில் சாம்பார் அண்டாவை ஏற்றினால் முதலில் தீ நன்றாக எரிகிறது. அப்புறம் மெல்ல மெல்லத் தணிந்து, அண்டா கொதி வராமலே நிற்கிறது. சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி. அசைத்துப் பார்த்தால் இன்னும் கனம். ரெகுலேட்டர் மாற்றியும் சரியாகவில்லை. உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்கிறார் கூட வேலை செய்பவர். உண்மையா?

பதில்:
இல்லை அண்ணா. அந்தப் பனி வெளிக்காற்றின் ஈரம். உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். நீங்கள் எரிப்பது அதிலிருந்து கிளம்பும் ஆவியை. ஒரு கிலோ ஆவியாக ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது இரும்புச் சுவர் வழியாக வெளியிலிருந்துதான் வர வேண்டும். பெரிய பர்னர் இழுக்கிற வேகத்துக்கு அது வந்து சேராது. அதனால் திரவம் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது. பாதி சிலிண்டரில் ஒரு கிலோ வேகமாக ஆவியானால் கிட்டத்தட்ட 10 டிகிரி இறங்கிவிடும்.

குளிரக் குளிர அழுத்தமும் விழும். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, புரொப்பேனுக்கு மைனஸ் 42. புரொப்பேன்தான் முந்திக்கொண்டு வெளியேறும். கடைசியில் மிஞ்சுவதில் பியூட்டேன் அதிகம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அதற்கு வெளியே வர அழுத்தமே இருக்காது. தீரப்போகும் சிலிண்டரில் தொல்லை கூடுவது இதனால்தான். பனி எந்த உயரம் வரை படிந்திருக்கிறதோ, அநேகமாக அதுவரை திரவம் இருக்கிறது.

கேட்டவர்:
புரிகிறது தம்பி. அடியில் கொஞ்சம் தணல் வைக்கலாமா? இல்லை படுக்க வைத்தால் வருமா?

பதில்:
இரண்டும் வேண்டவே வேண்டாம்! தீயோ கொதிநீரோ சிலிண்டர் பக்கமே போகக் கூடாது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் பாயும், தீ கட்டுக்கடங்காமல் பொங்கும். டீலரிடம் சொல்லி இரண்டு சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது பல சிலிண்டர்களின் கேஸை ஒன்றாகச் சேர்க்கும் குழாயில், இணையுங்கள். ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் ஆவியானால் போதும், வெப்பம் வாங்கும் சுவரும் இரட்டிப்பாகும்.

இன்னொருவர்:
எங்கள் சமையல்கூடத்தில் இரண்டு இணைத்த பிறகு பனியே படிவதில்லை. நாளைக்கே ஆர்டர் என்றால் அண்டாவைச் சின்ன பாத்திரங்களாகப் பிரித்து, நடுநடுவே சிலிண்டரை மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றி வைத்தது ஒரு மணி நேரத்தில் ஓரளவு சூடு ஏறிவிடும்.